மேசையில் ஒரு நகரம்: போரைப் பொதுமக்களின் பக்கம் நின்று சொல்லும் விளையாட்டுகள்

1974ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிறு நகரத்தில் இருந்து ஒரு விளையாட்டு வெளியானது. கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் எழுதிய அந்த விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. முதலில் அச்சானவை 1,000 பிரதிகள் மாத்திரமே. இன்று அது ஹஸ்ப்ரோ என்ற பெருநிறுவனத்தின் சொத்து. 'ஸ்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு, வீட்டின் நிலக்கீழ் அறையில் நாலு பொடியன்கள் மேசையைச் சுற்றி இருந்து தாயக்கட்டை உருட்டிக் கத்துகின்ற காட்சி நினைவிருக்கும். அவர்கள் விளையாடுவது இதைத்தான்.

'ரோல் பிளேயிங் கேம்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இந்த வகையைப் பாத்திரமேற்பு விளையாட்டு எனலாம். மூன்று முதல் ஆறு பேர் வரை ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மனிதரின் பாத்திரத்தை ஏற்பார். அவர் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று வாயால் சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வருகின்ற இடத்தில் தாயக்கட்டையோ காட்ஸோ தீர்ப்புச் சொல்லும். கூத்திலும் நாடகத்திலும் கதை முன்னரே எழுதப்பட்டிருக்கும். இங்கே கதை விளையாடும்போதுதான் உருவாகிறது. சின்ன வயதில் சிரட்டையில் மண்சோறு காய்ச்சி, ஒருவர் அம்மாவாகவும் ஒருவர் பிள்ளையாகவும் விளையாடியவர்களுக்கு இது அந்நியமான விடயம் அல்ல. அந்த விளையாட்டுக்குப் பெரியவர்கள் ஒரு விதிப்புத்தகம் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பெரும்பாலும் வாள், மந்திரம், பூதம், புதையல் ஆகியவற்றின் உலகம். அதைப்பற்றி எழுதுவதற்கு உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதற்கு வெளியே உள்ள சில சிறிய விளையாட்டுகளைப் பற்றியது. முற்றுகை, ஆக்கிரமிப்பு, காணாமல் போனவர்களுக்கான காத்திருப்பு, மொழியின் அழிவு என்பவற்றைப் பொருளாகக் கொண்டவை அவை. போரை வாழ்ந்து கடந்த வாசகர்களுக்கு 'இதை வைத்தும் விளையாடுவார்களா?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அதற்கும் பின்னால் வருவோம்.

படைத்தளபதியில் இருந்து பட்டணத்து மனிதருக்கு

இந்த விளையாட்டு வகையின் வேர் இராணுவத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1824இல் பிரஷ்ய இராணுவத்தின் இளம் அதிகாரியான ஃபொன் றைஸ்விற்ஸ், 'கிரீக்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். உண்மையான நிலவரைபடத்தின் மீது படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்தி, தாயக்கட்டையால் சேதத்தைக் கணக்கிட்டு, நடுவர் ஒருவர் முடிவைச் சொல்வார். அதிகாரிகளுக்குப் போர் பழக்குவதே அதன் நோக்கம். வரைபடத்தில் ஊர்கள் இருக்கும். ஊரில் இருப்பவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1969இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் தனது நண்பர்களுக்காக 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஒரு போர் விளையாட்டை நடத்தினார். நெப்போலியன் காலத்து ஜேர்மன் கற்பனை நகரம் ஒன்று களம். படைத்தளபதிகளுக்குப் பாத்திரம் இருந்தது. ஆனால் ஆட்கள் அதிகமாக வந்துவிட்டதால், மற்றவர்களுக்கு நகரபிதா, வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் போன்ற நகரத்து மனிதர்களின் பாத்திரங்களை அவர் கொடுத்தார். சண்டையை விட இவர்களுக்கு இடையிலான பேரமும் சூழ்ச்சியும்தான் அன்று எல்லோரையும் பிடித்துக்கொண்டன. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர்தான் டேவ் ஆர்னசன். அங்கிருந்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் வரையான தூரம் ஐந்து வருடம்.

நகரத்து மனிதர்களை மேசைக்குக் கொண்டுவந்த அந்த முதல் அடியைத்தான் பிற்காலத்துச் சிறிய விளையாட்டுகள் முழுமையாக்கின என்பது எனது வாசிப்பு. இடைப்பட்ட காலத்தில் போரைப்பற்றி வந்த பாத்திரமேற்பு விளையாட்டுகள் பெரும்பாலும் சிப்பாயின் பக்கமே நின்றன. 1984இல் வெளிவந்த 'ருவைலைற்: 2000' அதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் உலகப்போரில் அணுகுண்டுகள் விழுந்த பிறகு போலந்தில் தனித்துவிடப்பட்ட படையினர்தான் அதன் நாயகர்கள். எத்தனை ரவை மிச்சம், வாகனத்துக்கு எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு போகும் விளையாட்டு. வழியில் வரும் கிராமத்துச் சனம் அவர்களுக்கு ஒரு தங்குமிடம் மாத்திரம்.

'மிகப் பிரபலம்' என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகின்ற விடயம். ஜேர்மனியில் 1984இல் வெளியான 'டாஸ் ஷ்வார்ற்ஸ ஔக' என்ற உள்நாட்டு விளையாட்டு அமெரிக்க விளையாட்டை நீண்டகாலம் பின்தள்ளி வைத்திருந்தது. யப்பானில் 1981இல் சண்டி பீற்றர்சன் எழுதிய 'கோல் ஒஃப் குதுலு' என்ற திகில் விளையாட்டுத்தான் பெரியது. சுவீடனுக்கும் தனக்கென்று ஒன்று உண்டு. இவையெல்லாம் பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட தடித்த புத்தகங்கள்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இணையத்தில் பீடீஎஃப் ஆக விற்கும் வசதி வந்ததும் நிலைமை மாறியது. ஒருவர் அல்லது இருவர் எழுதி, தாங்களே பதிப்பித்து, சில நூறு பிரதிகள் விற்றாலே போதும் என்று இருக்கக்கூடிய நிலை. பெருநிறுவனங்கள் தொடத் தயங்கிய பொருள்கள் அப்போதுதான் மேசைக்கு வந்தன.

வோர்சோவின் பிள்ளைகள்

அவற்றில் முதலில் சொல்லவேண்டியது 'கிறே ராங்ஸ்'. அமெரிக்காவின் வட கரோலைனாவைச் சேர்ந்த ஜேசன் மோர்னிங்ஸ்ரார் எழுதி 2007இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு விளையாட்டுத்துறையின் மதிப்புக்குரிய டயானா ஜோன்ஸ் விருதை இன்னொரு படைப்போடு பகிர்ந்துகொண்டது.

களம் 1944ஆம் ஆண்டின் வோர்சோ எழுச்சி. நாசி ஆக்கிரமிப்புக்கு எதிராகப் போலந்தின் தலைமறைவு இராணுவம் ஓகஸ்ட் 1ஆம் திகதி எழுந்தது. சில நாள்களில் முடிந்துவிடும் என்று நம்பித் தொடங்கிய சண்டை 63 நாள்கள் நீடித்தது. விஸ்துலா ஆற்றின் மறுகரை வரை வந்த சோவியத் படை அங்கேயே நின்றுகொண்டது. ஒக்ரோபர் 2ஆம் திகதி நகரம் சரணடைந்தது. கொல்லப்பட்ட பொதுமக்களின் தொகை ஒன்றரை இலட்சத்துக்கும் இரண்டு இலட்சத்துக்கும் இடைப்பட்டது என மதிப்பிடப்படுகிறது. அதன் பிறகு எஞ்சிய நகரத்தை ஜேர்மனியப் படை தெருத்தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தரைமட்டமாக்கியது.

'சாம்பல் அணிகள்' என்ற பொருள்தரும் இந்தப் பெயர், ஆக்கிரமிப்புக் காலத்தில் போலந்துச் சாரணர் இயக்கம் தலைமறைவாக இயங்கியபோது வைத்துக்கொண்ட இரகசியப் பெயர். 12 முதல் 14 வயது வரையான இளையவர்களைச் சண்டைக்கு விடுவதில்லை என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. எழுச்சியின்போது அவர்கள் முற்றுகைக்குள் கடிதங்கள் சுமக்கும் சாரணர் அஞ்சல் சேவையை நடத்தினார்கள். வயதில் மூத்தவர்கள் ஆயுதம் எடுத்தார்கள்.

விளையாடுபவர்கள் ஏற்கும் பாத்திரங்கள் இந்தப் பதின்ம வயதினர்தான். விளையாட்டு மூன்று அமர்வுகளில், பத்து அத்தியாயங்களாக நகர்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் வானொலி அறிவிப்புப் போன்ற ஒரு வாசிப்போடு தொடங்கும். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தக் காட்சி: வீடு, பசி, முதற்காதல், அண்ணனுடன் சண்டை. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு பணி. பணியில் வெற்றிபெற வேண்டுமானால் தான் மிகவும் நேசிக்கின்ற ஒன்றைப் பணயம் வைக்கலாம். குடும்பமாக இருக்கலாம், நகரமாக இருக்கலாம், கடவுள் நம்பிக்கையாகவும் இருக்கலாம். பணயம் வைத்தது திரும்ப வராமலும் போகலாம்.

மேசையின் நடுவே ஒரு கட்டம் வரைந்த தாள் இருக்கும். அதன் ஒரு அச்சு அன்பில் இருந்து வெறுப்பு வரை. மற்றது உற்சாகத்தில் இருந்து களைப்பு வரை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் பாத்திரங்கள் அந்தக் கட்டத்தில் நகர்கின்றன. மூலைகளுக்குத் தள்ளப்படும் பாத்திரம் மரணத்தையோ மனமுடைவையோ அடைகிறது. எதிரியை எத்தனை பேர் கொன்றோம் என்பதைக் கணக்கிட இந்த விளையாட்டில் இடமே இல்லை. ஒரு பிள்ளையின் மனம் எங்கே நிற்கிறது என்பதை மாத்திரமே அது கணக்கிடுகிறது. நகரம் வீழும் என்பது மேசையில் இருக்கும் எல்லோருக்கும் முதல் நிமிடத்திலேயே தெரியும். பாத்திரங்களுக்கு மாத்திரம் தெரியாது.

வோர்சோவின் பழைய நகர மதிலோரம் 1983இல் நிறுவப்பட்ட ஒரு சிறுவனின் சிலை உண்டு. பெரியவர் ஒருவரின் தலைக்கவசம் கண்வரை இறங்கியிருக்க, கையில் துப்பாக்கியோடு நிற்கும் சிறுவன். பெருமையாகப் பார்ப்பவர்களும் உண்டு, தலைகுனிந்து பார்ப்பவர்களும் உண்டு. கிறே ராங்ஸ் இந்த இரண்டு பார்வைகளையும் ஒரே மேசையில் வைக்கிறது என்பதே அதன் பலம். அதேவேளை அதன் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதில் வரும் பிள்ளைகள் எல்லோரும் தாங்களாக விரும்பிப் போனவர்கள். விருப்பம் இல்லாமல் கொண்டுபோகப்பட்ட பிள்ளைக்கும், பிள்ளையை ஒளித்துவைத்த தாய்க்கும் அந்த விதிப்புத்தகத்தில் பக்கம் இல்லை. எமது வாசகர்களில் பலர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.

வீதியில் நின்ற பெண்கள்

1943 பெப்ரவரி 27ஆம் திகதி பேர்ளினில் எஞ்சியிருந்த யூதர்களை நாசிப் பொலிஸ் வேலைத்தலங்களில் வைத்தே சுற்றிவளைத்துப் பிடித்தது. பிடிபட்டவர்களில் யூதரல்லாத பெண்களை மணம் முடித்திருந்த ஏறத்தாழ 2,000 பேர் ரோசன்ஸ்ட்ராஸ என்ற வீதியில் இருந்த யூத சமூகக் கட்டிடம் ஒன்றில் அடைக்கப்பட்டார்கள். கணவன் வீடு திரும்பாததால் மனைவிமார் விசாரித்துக்கொண்டு அங்கே வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. குளிரில், துப்பாக்கிகளுக்கு முன்னால், ஒரு வாரமளவுக்கு அந்த வீதியில் நின்று கணவன்மாரைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். மார்ச் 6ஆம் திகதி முதல் விடுதலைகள் நடந்தன. ஏற்கனவே அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்த 25 பேர் கூடத் திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள். பெண்களின் போராட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியதா, அவர்களை நாடுகடத்தும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருக்கவில்லையா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இன்று அந்த இடத்தில் இங்கபோர்க் ஹுன்சிங்கர் செதுக்கிய பெண்களின் சிற்பத்தொகுதி நிற்கிறது.

'ரோசன்ஸ்ட்ராஸ' என்ற பெயரிலேயே இந்தச் சம்பவத்தை மொய்ரா ரேர்க்கிங்ரன், ஜெசிக்கா ஹாமர் ஆகிய இரு பெண்கள் விளையாட்டாக எழுதியிருக்கிறார்கள். ஹாமர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர். நான்கு கலப்புத் திருமணத் தம்பதியர்தான் பாத்திரங்கள். ஒவ்வொருவரும் இரண்டு பாத்திரங்களை ஏற்பார்: ஒரு குடும்பத்தில் யூதராகவும் இன்னொரு குடும்பத்தில் யூதரல்லாதவராகவும். ஒரே ஆள் ஒரு காட்சியில் உரிமை பறிக்கப்பட்டவர், அடுத்த காட்சியில் 'விவாகரத்து எடுத்தால் உனக்குப் பிரச்சினை இல்லை' என்று நெருக்கப்படுபவர்.

கதை 1933இல் தொடங்குகிறது. வீதியில் நடக்கும் போராட்டம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முந்திய பத்து வருடமும் சின்னச்சின்ன இழப்புகள்: வேலை போகிறது, அயலவர் கதைப்பதை நிறுத்துகிறார், வானொலிப் பெட்டியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கொடுமை திடீரென்று வானத்தில் இருந்து விழுவதில்லை, ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு படிவமாக வருகிறது என்பதை வாசித்து அறிவதற்கும், தான் ஏற்ற பாத்திரத்தின் வாயால் 'சரி, இதையும் கொடுத்துவிடுவோம்' என்று சொல்லிப் பார்ப்பதற்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது.

2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரக் கொட்டகைகளில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டின் கடைசிக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. வேறுபாடும் பெரியது. அங்கே காத்திருப்பு ஒரு வாரம். போனவர்கள் திரும்பி வந்தார்கள். இங்கே பிள்ளையின் படத்தைக் கையில் வைத்திருந்தபடியே பல தாய்மார் இறந்துவிட்டார்கள். பதில் வராத காத்திருப்பை விதியாக எழுதிய விளையாட்டு ஒன்று என் கண்ணில் படவில்லை.

பெண்களும் போரும் என்ற வரிசையில் மோர்னிங்ஸ்ரார் 2015இல் வெளியிட்ட 'நைற் விச்சஸ்' விளையாட்டையும் குறிப்பிடலாம். சோவியத் யூனியனின் 588ஆவது இரவுக் குண்டுவீச்சுப் படையணி முழுக்க முழுக்கப் பெண்களைக் கொண்டது. மரச்சட்டமும் துணியும் போர்த்திய பழைய பயிற்சி விமானங்களில் ஏறத்தாழ 23,000 தடவைகள் பறந்தவர்கள். விளையாட்டு பகல், இரவு என மாறிமாறி நடக்கும். இரவில் ஜேர்மனியர் எதிரி. பகலில் பற்றாக்குறையும், சொந்த இராணுவத்து ஆண்களின் ஏளனமும், அரசியல் கண்காணிப்பும் எதிரி. பகல் காட்சிகள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை.

பணக்காரர்தான் ஆக்கிரமிப்பாளர்

லியாம் லிவனாக் பேர்க் எழுதிய 'டோக் ஈற் டோக்' மிகச் சிறிய புத்தகம். பசிபிக் தீவு ஒன்று வெளியாரால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் 'ஆக்கிரமிப்பு' என்ற பாத்திரத்தை ஏற்பார். ஆளுநர், சிப்பாய், பாதிரி, ஆசிரியர் எல்லாம் அவரே. மற்ற எல்லோரும் தீவின் மக்கள். யார் ஆக்கிரமிப்பு என்பதைத் தீர்மானிக்கும் விதி: மேசையில் இருப்பவர்களில் அதிகம் பணம் உள்ளவர். நண்பர்களுக்கு இடையே அந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே சங்கடம் தொடங்கிவிடும். ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த சங்கடம் அது.

முதலாவது சட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது: தீவின் மக்கள் ஆக்கிரமிப்பாளரை விடத் தாழ்ந்தவர்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் சட்டங்களின்படி நடந்தவருக்கு ஒரு வில்லை கிடைக்கும். மீறியவர் ஒன்றை இழப்பார். பிறகு, அந்தக் காட்சியில் இருந்து கற்றுக்கொண்ட பாடத்தைத் தீவு மக்கள் தாங்களே அடுத்த சட்டமாக எழுதிச் சேர்க்க வேண்டும். 'இரவில் வெளியே போகக்கூடாது', 'அவர்களின் மொழியில்தான் பதில் சொல்லவேண்டும்' என்று பட்டியல் நீளும். ஆக்கிரமிப்பாளர் வாய்திறந்து கட்டளை போடத் தேவையில்லை. தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ளும் விதிகளை மக்களே எழுதிக்கொள்கிறார்கள். வில்லைகள் முடிந்தவர் பொறுமை இழந்து எழுவார், மாண்டு போவார். இணங்கிப் பிழைத்தவர், எதிர்த்து இறந்தவர் என்று இரு பக்கமும் மேசையில் இருக்கும். இவர்களில் யார் சரி என்று விளையாட்டு சொல்வதில்லை.

அமெரிக்க அடிமைமுறையைப் பற்றி ஜூலியா பொண்ட் எலிங்போ எழுதிய 'ஸ்ரீல் அவே ஜோர்டன்', 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மலைக்கோட்டை ஒன்றில் முற்றுகைக்குள் இருந்த கத்தார் சமயத்தவரைப் பற்றி டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிரெடெரிக் யென்சன் எழுதிய 'மொன்செகூர் 1244' ஆகியவையும் இதே வரிசையில் வைக்கத்தக்கவை. பின்னையதில் கடைசியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே கேள்விதான்: நம்பிக்கையைக் கைவிடுவதா, தீயில் இறங்குவதா?

ஒரு வருட அமைதி

இவ்வளவு கனமானதை எடுத்தவுடன் தொடவேண்டியதில்லை. புதியவர்கள் தொடங்குவதற்கு ஏற்றது கனடாவைச் சேர்ந்த ஏவ்ரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட 'த குவாயற் இயர்' (அமைதியான வருடம்). தேவையானவை ஒரு பெரிய தாள், பென்சில்கள், ஒரு கட்டுக் காட்ஸ். 304 விளையாடுகிறவர்கள் ஒதுக்கி வைக்கும் இரண்டு முதல் ஆறு வரையான காட்ஸும் இங்கே வேண்டும், ஏனென்றால் 52 காட்ஸும் 52 கிழமைகள்.

நீண்ட சண்டை ஒன்று முடிந்திருக்கிறது. எஞ்சிய ஒரு சிறு சமூகத்துக்கு ஒரு வருட அமைதி கிடைத்திருக்கிறது. அந்த வருடத்தில் அவர்கள் எதைக் கட்டுகிறார்கள் என்பதே விளையாட்டு. யாருக்கும் தனிப் பாத்திரம் இல்லை; எல்லோரும் சேர்ந்து சமூகம். முறை வரும்போது ஒரு காட்டை எடுத்து, அதில் சொல்லப்பட்ட நிகழ்வை ஏற்று, தாளில் எதையாவது வரைய வேண்டும். கிணறு, வேலி, சுடலை, களஞ்சியம். இப்படி ஒரு ஊரின் வரைபடம் வளர்கிறது. மாரி காலத்துக்குரிய காட்ஸில் 'ஸ்பேட் கிங்' வந்ததும், எந்த வேலை பாதியில் நின்றாலும், விளையாட்டு அத்தோடு முடிந்துவிடும். அமைதி எப்போது முடியும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இதில் பேச்சுக்கும் விதி உண்டு. கண்டபடி கலந்துபேச முடியாது. கூட்டம் கூட்டுவது என்று ஒருவர் தனது முறையைச் செலவழித்தால்தான் எல்லோரும் ஆளுக்கு ஒரு தடவை பேசலாம், முடிவு எடுக்கப்படுவதில்லை. என்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று ஒருவருக்கு மனம் கசந்தால், நடுவில் இருக்கும் குவியலில் இருந்து 'அவமதிப்பு' வில்லை ஒன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்ளலாம். அதனால் புள்ளி கூடாது, குறையாது. எல்லோர் கண்ணிலும் படும்படி அது அங்கே கிடக்கும். மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்கு இந்த வில்லை நன்றாகப் புரியும்.

உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்ட ஊரை, ஒழுங்கையும் வாசிகசாலையும் சங்கக்கடையும் பிசகாமல் மனதில் இருந்து வரைந்து காட்டக்கூடிய பெரியவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு அவர்கள் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து விளையாடக்கூடியது இது. இதன் கிளையாக 'த டீப் ஃபொறஸ்ற்' என்ற ஒன்றும் இருக்கிறது. காட்டைப் பிடித்துவைத்திருந்த மனிதர்களை விரட்டிவிட்டு, பூதங்கள் தங்கள் வாழ்வை மீளக் கட்டுவது அதன் கதை.

சொற்கள் பிறந்து மறையும் இடம்

'டயலெக்ற்' 2018இல் வெளியானது. கத்ரின் ஹைம்ஸ், ஹக்கான் செயலியோக்லு இருவரும் எழுதியது. வெளியுலகில் இருந்து பிரிந்து வாழும் ஒரு சிறு சமூகத்தை மூன்று முதல் ஐந்து பேர் உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு முறையிலும் ஒரு காட்டை வைத்து, அந்தச் சமூகத்தின் வாழ்வில் இருந்து ஒரு புதிய சொல்லை உண்டாக்குகிறார்கள். உடனே இருவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி ஒரு உரையாடலை நடித்துக் காட்ட வேண்டும். சமூகம் மூன்று காலகட்டங்களைக் கடக்கும். காலம் மாற மாறச் சொற்களின் பொருளும் திரியும். கடைசியில் அந்தச் சமூகத்தின் தனிமை உடைகிறது, மொழியும் போகிறது. கடைசியாக அந்தச் சொல்லை உச்சரித்தவர் யார் என்பதை விளையாடுபவர்கள் சொல்லி முடிக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கற்பனைச் சமூகம் தேவைப்படாது. பொருளாதாரத் தடைக்காலம் 'ஜாம் போத்தல் விளக்கு' என்ற சொல்லைத் தந்தது. குண்டு போட வந்த விமானத்தைச் சனம் 'சகடை' என்றது. 'கிபிர்' என்பது ஒரு விமானத்தின் பெயராக வந்து, 'கிபிரடி' என்று வினையாகி, பிறகு பயத்தின் பெயராகவே ஆனது. ஆளில்லாமல் மேலே சுற்றிய வேவு விமானம் 'வண்டு'. சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டியவன் 'தலையாட்டி'. பங்கர், சென்றி, ரவுண்டப், செல்லடி. இந்தச் சொற்களை யாரும் கூடியிருந்து தீர்மானித்து உருவாக்கவில்லை. தேவை பிறந்த அன்று பிறந்தன. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு வண்டு என்றால் பூச்சி மாத்திரம்தான். அது நல்லதுதான். ஆனாலும் அம்மாவும் பிள்ளையும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு விடயங்களை நினைக்கின்ற அந்த இடைவெளியைத்தான் டயலெக்ற் விளையாட்டாக்கியிருக்கிறது. புலம்பெயர் நாடுகளில் தமிழ்ப் பாடசாலை நடத்துகின்ற ஆசிரியர்கள் இதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். கற்பனைச் சமூகத்துக்குப் பதிலாகத் தங்கள் குடும்பத்தின் வீட்டுச் சொற்களை வைத்தும் மாணவர்கள் ஆடிப்பார்க்க முடியும்.

விளையாடலாமா?

போரை வாழ்ந்தவர்கள் போரைப் பற்றிய விளையாட்டை விளையாடலாமா என்ற கேள்விக்கு இனி வருவோம். இதற்கு ஒரே பதில் கிடையாது. கிறே ராங்ஸ் எழுதப்பட்டது, வோர்சோவைப் புத்தகத்தில் மாத்திரம் படித்தவர்களுக்கு அங்கிருந்தவர்களின் நிலையைக் கொஞ்சம் உணர்த்துவதற்காக. பங்கருக்குள் இருந்தவருக்கு அந்த உணர்த்தல் தேவையில்லை; அது அவருக்கு ஏற்கனவே வேண்டிய அளவுக்கு மேலாகவே இருக்கிறது. பட்டாசுச் சத்தத்துக்கே உடல் பதறுபவரை 'இது வெறும் விளையாட்டுத்தானே' என்று இழுத்து இருத்துவது பிழை. இவை சிகிச்சையும் அல்ல. உளவள ஆலோசகர் ஒருவர் தனது பயிற்சியோடு இவற்றைக் கையாள்வது வேறு, நண்பர்கள் பொழுதுபோக்குக்காக ஆடுவது வேறு.

இந்த விளையாட்டுகளை ஆடுகின்றவர்களிடமே இதற்குச் சில நடைமுறைகள் உண்டு. அவற்றில் எளிமையானது நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் ஸ்ராவ்ரோபோலஸ் உருவாக்கிய 'எக்ஸ் அட்டை'. ஒரு துண்டுத் தாளில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வைக்க வேண்டும். நடக்கின்ற காட்சி யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அந்த அட்டையைத் தொட்டால் போதும். காட்சி அந்த இடத்திலேயே நிற்கும், அல்லது மாற்றப்படும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. தொட்டவர் விளக்கம் சொல்லவும் தேவையில்லை. விளக்கம் கேட்காத அந்த விதிதான் முக்கியம். விசாரணைகளிலும் ஆணைக்குழுக்களிலும் தங்கள் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொன்று ரொன் எட்வேர்ட்ஸ் என்ற விளையாட்டு ஆசிரியர் முன்வைத்த 'கோடுகளும் திரைகளும்'. தொடங்குவதற்கு முன்னரே எல்லோரும் இருந்து பேசி, கதையில் வரவே கூடாதவற்றைக் கோடாகவும், வரலாம் ஆனால் விவரிக்கக் கூடாதவற்றைத் திரையாகவும் எழுதிக்கொள்வது. பாலியல் வன்முறை கோட்டுக்கு அப்பால், மரணம் திரைக்குப் பின்னால் என்று ஒரு குழு முடிவு செய்யலாம். எங்கள் குழுவானால் நான் சித்திரவதையையும் கோட்டுக்கு அப்பால் வைப்பேன்.

போருக்குப் பின் பிறந்த இளையவர்களுக்கு நிலைமை வேறு. வீட்டில் பேசப்படாத ஒன்றின் நடுவே வளர்ந்தவர்கள் அவர்கள். எங்கள் கதையை நேரடியாக ஆடுவதைவிட, வோர்சோ, பேர்ளின் என்று தூரத்து நகரம் ஒன்றின் கதையை ஆடிவிட்டு வந்து தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்பது சில வீடுகளில் இலகுவாக இருக்கலாம்.

எங்கே கிடைக்கும்?

இங்கே சொல்லப்பட்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆசிரியர்களின் இணையத்தளங்களிலும், 'இச் டொட் ஐஓ', 'டிரைவ்த்ரூ ஆர்பிஜி' போன்ற தளங்களிலும் பீடீஎஃப் ஆக விற்பனைக்கு வருகின்றன. விலை பெரும்பாலும் இருபது அமெரிக்க டொலருக்கு உட்பட்டது. இலங்கை ரூபாயில் அது சிறிய தொகை இல்லை என்பது தெரிந்ததே. இச் டொட் ஐஓ தளத்தில் பல ஆசிரியர்கள் பணம் கட்ட முடியாதவர்களுக்கென்று 'சமூகப் பிரதிகள்' என ஒரு தொகையை இலவசமாக ஒதுக்கிவைப்பதுண்டு. விளையாட்டின் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அதைத் தேடிப் பார்க்கலாம். ஒரு குழுவுக்கு ஒரு பிரதி போதும். ஒருவர் ஆங்கிலத்தில் விதிகளை வாசித்துச் சொன்னால், விளையாட்டு முழுவதும் தமிழிலேயே நடக்கலாம், ஏனென்றால் மேசையில் பேசப்படும் கதை விளையாடுபவர்களுடையது. அமைதியான வருடத்துக்கு மூன்று முதல் நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கிறே ராங்ஸுக்கு மூன்று நாள்கள் வேண்டும். அதற்குள் ஆட்களை மாற்ற முடியாது.